டிராலி சத்தமும் ஏழாம் நம்பர் கட்டிலும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். சாப்பிட உட்காரும் முன் கையில் தேய்த்துக்கொள்ள சானிடைசர் பாட்டிலைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மகன் இரண்டு கைகளையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "நான் ஒண்ணுமே பண்ணலம்மா" என்றான்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்த வாசனை. ஊசி குத்தும் முன் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைப்பார்களே, கிட்டத்தட்ட அதே வாசனை. ஆனால் வாசனையைவிட அவன் சொன்ன வார்த்தைதான் என்னை உலுக்கியது. ஆறு நாள் அங்கே நடந்ததை எல்லாம் தண்டனை என்றே பிள்ளை நினைத்திருக்கிறான். என்ன தப்புக்கு என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, ஐப்பசி மழையோடு டெங்கு வந்தது. எங்கள் வீடு பெரம்பூரில். பக்கத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தோம். அடுத்த மே மாதம், பள்ளி விடுமுறையில், டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் எடுக்க வேறோர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். ஏழு மாத இடைவெளியில் அதே பிள்ளை, இரண்டு இடங்கள். முதல் இடத்தில் அவன் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, இரண்டாவது இடத்துக்குப் போகும் முன் நிறையப் படித்தேன், கேட்டேன். நான் டாக்டர் இல்லை. அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். அதனால் இதில் மருத்துவ ஆலோசனை எதுவும் இல்லை. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் பார்த்தது மட்டும்தான்.

முதல் ஆஸ்பத்திரியின் வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையை நல்லபடியாகத்தான் திருப்பித் தந்தார்கள். டெங்குவில் காய்ச்சல் அடிக்கும் நாளைவிட, காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று அறிய, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. பார்ப்பார்கள், கூடவே பிளேட்லெட். காலையும் மாலையும் ரத்தம் எடுத்தே ஆக வேண்டும். (அந்த ஆறு நாளும் உறவுக்காரர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல "பிளேட்லெட் எவ்ளோ?" என்று போன் செய்துகொண்டே இருந்தார்கள். பி.சி.வி.யை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.)

ஆக, ஊசியைத் தவிர்க்க முடியாது. அதைச் சுற்றி இருந்தவற்றில் எத்தனையோ தவிர்த்திருக்கலாம்.

அந்த வார்டில் ஒரு டிராலி உண்டு. நாலு சக்கரத்தில் ஒன்று சரியாகச் சுற்றாது. தரையில் டைல்ஸ் இணையும் இடங்களில் கிறீச், டக், கிறீச், டக் என்று வரும். முதல் நாள் அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் காலை, டிராலி இன்னும் முதல் கட்டில் பக்கம்கூட வரவில்லை, இவன் என் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டான். ஏழாம் நம்பர் கட்டில் எங்களுடையது. டிராலி ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று வரும். ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் மூச்சை அடக்கிக்கொள்வான், நகர்ந்ததும் விடுவான். பல்ஸ் பார்க்கிற கிளிப் விரலில் இருந்ததால் திரையில் நம்பர் ஏறுவதை நானே பார்த்தேன். 110-இல் இருந்தது 140-ஐத் தாண்டும்.

இத்தனைக்கும் அந்த டிராலி ஒரு நாளில் பத்து தடவையாவது வரும். காய்ச்சல் பார்க்க, மாத்திரை கொடுக்க, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நெபுலைசர் வைக்க. அதில் இரண்டு தடவைதான் அவனுக்கு ஊசி. எது அந்த இரண்டு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அதனால் பத்து தடவையும் பயந்தான். பெரியவர்கள் நமக்குக்கூட அப்படித்தானே, என்ன வரப்போகிறது, எப்போது வரப்போகிறது என்று தெரியாதபோதுதான் வயிற்றைப் பிசையும். மூன்றாம் நாள் நான் சும்மா ஒரு யோசனையில், "இப்ப வர்றது காய்ச்சல் பாக்குற டிராலி, சாயங்காலம் பால் குடிச்சப்புறம் வர்றதுதான் ஊசி டிராலி" என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு பால் டம்ளரைப் பார்த்தாலே அழுதான். ஆனால் மற்ற நேரம் முழுக்கக் கொஞ்சம் இலகுவாகிவிட்டான், படம் வரைந்தான், சண்டை போட்டான். இது லாபமா நஷ்டமா என்று அப்போது தெரியவில்லை. இப்போது கேட்டால் லாபம் என்பேன். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. கடிகார முள்ளைக் காட்டிச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, கட்டில். ரத்தம் எடுத்தது கட்டிலில். ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகிவைக்கும் சின்னக் குழாய், வென்ஃப்ளான், அதைப் போட்டதும் கட்டிலில். ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு, அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே டியூப் லைட்டைப் போட்டு, போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே இழுத்து எடுத்தார்கள். அந்த சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தர் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆறு மணிக்குள் லேபுக்கு எல்லா டியூபும் போக வேண்டும். ஆனால் அன்றிலிருந்து தம்பி கட்டிலில் தூங்க மாட்டேன் என்றான். கூட இருப்பவர்களுக்குப் போட்டிருந்த ஒடுங்கலான பெஞ்சில், என் மடியில், ட்ரிப்ஸ் ஒயரை இழுத்துப் பிடித்தபடி தூங்கினான். "இவ்ளோ பெரிய கட்டில் காசு குடுத்து வாங்கியிருக்கோம், ஒழுங்கா அதுல படு" என்று அவனைத் திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. தூங்கும்போதுகூடக் குத்துவார்கள் என்று ஆன இடத்தில் யாரால் தூங்க முடியும்?

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. குழந்தைகள் வார்டுகளில் பலகாலமாகவே ஒரு வழக்கம் இருக்கிறதாம்: வலிக்கிற வேலை எதையும் கட்டிலில் வைத்துச் செய்வதில்லை. ஊசி, ரத்தம், டிரெஸ்ஸிங் எல்லாவற்றுக்கும் தனி அறை. பிள்ளையை அங்கே தூக்கிப் போய் முடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கட்டில், பிள்ளைக்குப் பயமில்லாத இடமாக இருக்க வேண்டும் என்பதற்காக. இவ்வளவு எளிய விஷயம். நாங்கள் இருந்த வார்டிலும் கோடியில் ஓர் அறை இருந்தது, வெளியே 'டிரீட்மென்ட் ரூம்' என்று பலகையும் இருந்தது. உள்ளே பழைய மெத்தைகளும் ஆக்சிஜன் சிலிண்டரும் அடுக்கிவைத்திருந்தார்கள்.

வென்ஃப்ளான் போட்ட நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் பிடித்தார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து ஒருவர் காலை, ஒருவர் தோளை, ஒருவர் கையை. "நீங்க வெளிய இருங்கம்மா, உங்களைப் பாத்தா இன்னும் அழுவான்" என்று என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். உடம்பில் நீர்ச்சத்து குறைந்த பிள்ளைக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். மூன்றாவது தடவையில்தான் கிடைத்தது. "ஒண்ணுமில்ல கண்ணா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று யாரோ சொன்னது திரைக்கு வெளியே கேட்டது. நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்லியிருக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு, கட்டுப்போட்ட கையை என்னிடம் நீட்டி மெல்லக் கேட்டான்: "எறும்பு இன்னும் உள்ளதான் இருக்காம்மா?" வென்ஃப்ளானுக்கு மேல் சுற்றியிருந்த பிளாஸ்திரிக்குள் ஓர் எறும்பை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று சாயங்காலத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். அன்றோடு அந்த உவமையை விட்டுவிட்டேன். "வலிக்கவே வலிக்காது" என்பதையும் விட்டாச்சு. முதல் முறை சொன்னபோது நம்பினான், குத்தியதும் வலித்தது, அப்புறம் நான் சொன்ன எதையுமே நம்பவில்லை, இட்லியில் மாத்திரை இல்லை என்று சொன்னதையும் சேர்த்து.

மூன்றாம் நாள் மதியம் என் கணவர் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். முதுகு ஒடிந்துபோயிருந்த நான் ஏழாம் நம்பர் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தேன். அப்போதுதான் அவன் பார்க்கிற உலகத்தை நான் பார்த்தேன். கண்ணுக்கு நேர் மேலே மூடி இல்லாத டியூப் லைட். அதற்குப் பக்கத்தில் ஏ.சி. காற்று வரும் ஜாலி, காற்று நேராக முகத்தில் அடித்தது. தலைமாட்டில் எங்கேயோ பீப் பீப் என்று ஒரு மெஷின். எழுந்து திரும்பினால்தான் தெரியும், படுத்தபடி திரும்பினால் தெரியாது. குனிந்து பார்க்க வந்த ஆயாம்மாவின் முகம் தலைகீழாக, மாஸ்க்கோடு, கண் மட்டும். நல்ல மனுஷி, எனக்கே ஒரு கணம் திக்கென்றது. நிற்கிற உயரத்திலிருந்து நான் மூன்று நாளாகப் பார்த்த வார்டு வேறு, இது வேறு.

எதிர்ச் சுவரில் ஒரு ஜோக்கர் படம். குழந்தைகள் வார்டு என்பதால் ஆசையாகத்தான் வரைந்திருக்கிறார்கள், ஆளுயரத்துக்கு, கையில் பலூன். பகலில் சரி. ராத்திரி மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு வராந்தா விளக்கு மட்டும் எரியும்போது அந்தச் சிவப்பு வாய் மட்டும் தனியாகத் தெரிந்தது. "அவன் சிரிச்சிட்டே இருக்கான், நிறுத்தச் சொல்லு" என்று தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொண்டது இதனால்தான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 4 வயது முதல் 16 வயதுவரை சுமார் 250 பிள்ளைகளிடம் ஆஸ்பத்திரிச் சுவரில் என்ன படம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். ஜோக்கர் படம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, பெரிய பிள்ளைகள்கூடப் பயமாக இருக்கிறது என்றார்களாம். பெரியவர்கள் நினைக்கும் 'குழந்தைத்தனம்' குழந்தைக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது போலிருக்கிறது. நான் ஒரு டவலை எடுத்து ஜோக்கர் முகத்தின் மேல் செல்லோடேப் வைத்து ஒட்டிவிட்டேன். வார்டு இன்சார்ஜ் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதே தைரியத்தில் கட்டிலையும் திருப்பச் சொன்னோம். ஜன்னல் இருந்தது, ஆனால் கட்டிலின் தலைமாடு ஜன்னல் பக்கம். படுத்தால் சுவர்தான் தெரியும். சிஸ்டர் ட்ரிப்ஸ் ஸ்டாண்ட் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, "சரி, திருப்பிக்கோங்க, டிஸ்சார்ஜ் ஆகும்போது பழையபடி வெச்சிடுங்க" என்றார். திருப்பினால் பக்கத்துக் காம்பவுண்டு முருங்கை மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, காக்கைகள். மழையில் நனைந்த காக்கை சிறகை உதறுவதை அரை மணி நேரம் பார்த்தான். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் இதைப் பற்றி எழுதியது மிகப் பிரபலம். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. அது பெரியவர்களை வைத்துச் செய்தது, எங்கள் தம்பிக்கு முருங்கை மரத்தால் பிளேட்லெட் ஏறியது என்று நான் சொல்ல வரவில்லை. அரை மணி நேரம் அழாமல் இருந்தான், எனக்கு அது போதும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ராத்திரி வார்டுக்குள் 30 டெசிபல் போதும் என்கிறது. அது காதோடு கிசுகிசுக்கிற அளவு. நான் போனில் ஆப் போட்டுப் பார்த்தேன். போன் அளவு துல்லியம் கிடையாது, தெரியும். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு 58 காட்டியது. அதில் பாதி மெஷின் சத்தமே இல்லை. செக்யூரிட்டி போனில் பேசுவது, வராந்தாவில் யாரோ சத்தமாக ஓடவிட்ட வீடியோ, லிஃப்ட் கதவைக் கைவிட்டு இழுத்துச் சாத்துவது. நாம் எல்லாம்தான். ட்ரிப்ஸ் பம்ப் அலறினால் மட்டும் ஒன்று செய்யலாம். அது ஏன் கத்துகிறது என்று சிஸ்டரிடம் ஒருமுறை கேட்டுப் பிள்ளைக்கும் சொல்லிவிட வேண்டும். "பாட்டில் காலியாயிடுச்சுன்னு சொல்லுது" என்று தெரிந்த பிறகு, பீப் வந்தால் தம்பியே "சிஸ்டர், காலி!" என்று கத்தினான். பயந்த சத்தம் அவன் பொறுப்பாக மாறிவிட்டது.

பார்க்க வருகிறவர்களும் ஆஸ்பத்திரிச் சூழலில் சேர்த்திதான். எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அய்யோ, எப்படி இருந்த புள்ள" என்று மூக்கைச் சிந்தினார். பிறகு கொளத்தூரில் யாரோ ஒரு குழந்தைக்கு டெங்குவில் என்ன ஆனது என்று முழுக்கதையும் சொன்னார், பிள்ளை தூங்குகிறான் என்ற நினைப்பில். அவன் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி "அந்தப் பாப்பா எங்க போச்சு?" என்றான். மறுநாளிலிருந்து என் கணவர் கீழே ரிசப்ஷனிலேயே வருகிறவர்களைப் பார்த்து, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. பொங்கலுக்குள் சரியாகிவிட்டார்கள்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். "நான் ஒண்ணுமே பண்ணலம்மா" என்று ஏன் சொன்னான்? ஏனென்றால் அவன் பிறந்ததிலிருந்து நாங்கள் சொல்லி வளர்த்தது அது. சாப்பிடவில்லையா, டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன். அடம் பிடிக்கிறாயா, அதோ ஊசி மாமா வர்றார். என் மாமியார் சொல்வார், நான் சொல்வேன், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். பூச்சாண்டிக்கு அடுத்தபடி நம் வீடுகளில் ஊசிக்குத்தான் வேலை அதிகம். அந்த நாலு வருஷ மிரட்டலை மூட்டை கட்டிக்கொண்டுதான் அவன் வார்டுக்குள் வந்தான். சுவருக்கு என்ன வண்ணம் அடித்து என்ன? அன்றைக்கு ராத்திரி அவனை உட்காரவைத்து, "நீ தப்புப் பண்ணதுக்கு ஊசி போடல. ஒரு கொசு கடிச்சது, அதனால காய்ச்சல் வந்துச்சு. தப்பு கொசு மேலதான்" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கொசுவுக்கு ஊசி போட்டாங்களா?" என்று கேட்டான். மாமியாரும் நானும் அதன் பிறகு அந்த மிரட்டலைத் தொடவில்லை. அவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும், மென்று விழுங்கிவிடுவார்.

ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் அம்மா கூட இருப்பது நம் ஊரில் பேச்சே இல்லாத வழக்கம். எக்மோர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எத்தனை நெருக்கடியிலும் ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். இங்கிலாந்தில் 1950-களில் அப்படி இல்லை. பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அம்மாவைப் பிரிந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் பிடித்து 1952-இல் காட்டினார். அந்தக் குழந்தை பெரிதாக அழவில்லை, அழுகையை விழுங்கிக்கொண்டு அமைதியாகிவிட்டது, அதுதான் பார்த்தவர்களை உறுத்தியது. 1959-இல், ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளின் நலனைப் பற்றி அங்கே வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆக வேண்டும், சின்னக் குழந்தையோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அழாத பிள்ளையைப் பார்த்து "ரொம்ப சமத்து" என்று நாம் சொல்கிறோமே, அது எனக்கு அப்புறம் உறுத்த ஆரம்பித்தது.

இனி மே மாதம். இரண்டாவது ஆஸ்பத்திரி பெரிய இடமெல்லாம் இல்லை. ஓர் அறக்கட்டளை நடத்துவது, பழைய கட்டடம், லிஃப்ட் பாதி நாள் ஓடாது, சுவரில் படம் ஒன்றும் கிடையாது. முதல் இடத்தைவிடச் செலவும் குறைவு. ஆனால் அட்மிஷனுக்கு ஒரு வாரம் முன்பு மயக்க டாக்டரைப் பார்க்கப் போனபோது, வெள்ளைக் கோட்டு இல்லாமல் சாதாரணச் சட்டையில் இருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் மாஸ்க்கை எடுத்துத் தம்பி கையிலேயே கொடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, அடுத்த வாரம் திருப்பிக் கொண்டா" என்றார். ஒரு வாரம் அது எங்கள் வீட்டில் பைலட் மாஸ்க். அவனும் அவன் அக்காவும், அதாவது என் மூத்த பெண்ணும், சண்டை போட்டு ஓட்டாத விமானம் இல்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் தெளிவாக எழுதிக் கொடுத்தார்கள். மயக்கத்துக்கு முன் திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பட்டினி போடுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறோம். தாகத்தில் தொண்டை வறண்ட பிள்ளைக்கு எந்த ஆறுதலும் ஏறாது. காலை ஒன்பது மணி ஆபரேஷன் என்றால் ஏழு மணிவரை தண்ணீர் குடிக்கலாமா என்று நீங்களே கேட்டு, டாக்டர் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள்.

கட்டிலுக்கு வந்ததும் நான் முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைத்திருந்ததைக் கேட்டேன். "சிஸ்டர், ஊசி போடணும்னா சொல்லுங்க, நானே தூக்கிட்டு வர்றேன். கட்டில்ல வேணாம்." அந்த சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தம்பி உயரத்துக்குக் குனிந்து, "அதோ அந்த நீலக் கதவு இருக்குல்ல? ஊசியெல்லாம் அங்கதான். இந்தக் கட்டில் உன்னுது. இங்க யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நானே வந்தாலும் உன்னைக் கேட்டுட்டுத்தான் தொடுவேன்" என்றார். அவர்களுக்கு அது புது விஷயமே இல்லை. நான்தான் பெரிய கண்டுபிடிப்பு போலக் கேட்டிருக்கிறேன்.

நீலக் கதவுக்குப் பின்னால் வென்ஃப்ளான் போட்ட விதமும் வேறு. ஒரு மணி நேரம் முன்பே புறங்கையில் மரக்கவைக்கும் க்ரீம் தடவி, மேலே பிளாஸ்டிக் ஒட்டிவைத்தார்கள். லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்தது, டாக்டர் சொன்னால் மட்டும் போட வேண்டியது. அப்புறம் படுக்கவைக்கவில்லை. என் மடியில், என் பக்கம் முகம் பார்க்க, நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்தார்கள். அவன் கை என் இடுப்பைச் சுற்றிப் பின்னால் போனது. அந்தக் கையில் சிஸ்டர் வேலை பார்த்தார். அவன் என் தோளுக்கு மேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் காயும் துணியை எண்ணினான். ஏழாவது துணியில் "ஆ" என்றான். அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது நான் ஒருத்திதான், அதுவும் கட்டிப்பிடித்த மாதிரிதான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு சமயத்தில் ஊசிக்கு முன்னால் மட்டும் போனைக் கையில் கொடுத்தோம். நாலாம் நாள் போனை நீட்டினாலே கையை மடக்கிக்கொண்டான். இந்த முறை ஊசிக்குச் சம்பந்தமே இல்லாத நேரங்களிலும் கொடுத்தோம், நீலக் கதவுக்குள் துணி எண்ணுவதோடு சரி.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதிவிட முடியாது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நானும் உள்ளே வருகிறேன் என்று கேட்டேன். மயக்க டாக்டர் என் கையைப் பார்த்தார், நடுங்கிக்கொண்டிருந்தது. "அம்மா பதறினா பிள்ளை இன்னும் பதறும். நான் அரை மணி முன்னாடி ஒரு சிரப் குடுத்திருக்கேன், அதுவே போதும்" என்றார். உண்மைதான், தம்பி அரைத் தூக்கத்தில் என் கணவர் தோளில் சாய்ந்திருந்தான். அவர்தான் கதவுவரை போனார். வெளியே நான் அழுதேன், அவன் அழவில்லை.

மயக்கம் தெளிந்தபோது இருபது நிமிஷம் கையைக் காலை உதறிக் கத்தினான், என்னையே அடையாளம் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்கு இப்படி வருமாம், தானாகத் தணிந்துவிடுமாம். உள்ளே போகும் முன் அதிகம் பயந்த பிள்ளைகளுக்கு இது கூடுதலாக இருக்கலாம், வீட்டுக்கு வந்தும் ராத்திரி அலறி எழுந்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். இதை முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இருபது நிமிஷத்தில் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். டான்சில் ஆபரேஷனுக்குப் போகிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், மயக்க டாக்டரிடம் மறக்காமல் இதைக் கேட்டுவையுங்கள்.

கட்டிலுக்கு வந்ததும் அவன் செய்த முதல் காரியம், கட்டிலிலேயே சுருண்டு படுத்துத் தூங்கியது. பெஞ்சில் நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சிஸ்டர் காய்ச்சல் பார்க்க வந்தார். "தொடலாமா?" என்று கேட்டார். தொண்டைப் புண்ணால் பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான். கிளம்பும்போது சட்டையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரி விளையாட்டுதான். கரடிப் பொம்மைக்கு உடம்பு சரியில்லை, அக்காவின் பென்சில்தான் ஊசி. ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, படுக்கையில் கிடந்த கரடியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனான். உள்ளேயிருந்து கரடி அழும் சத்தம், அதையும் அவனேதான் போட்டான். திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துப் போர்த்திவிட்டான். அப்புறம் என்னவோ ஞாபகம் வந்ததுபோல என் டிரெஸ்ஸிங் டேபிளிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, மெரூன் கலரில் பெரிய பொட்டாக ஒன்றை உரித்துக் கரடியின் நெஞ்சில் ஒட்டினான்.